வலது மீட்டர்

மாடிவீட்டு லேப் சார் காலி செய்துகொண்டு போன வெள்ளிக்கிழமை காலை, அக்கா மாடிப்படிக்கு அடியில் பாதி குனிந்து நின்று மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச் வாயில் இருந்தது, பச்சை ஃபைல் அக்குளில்.

"ரெண்டு, பூஜ்யம், ஆறு, மூணு, நாலு" என்று டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னாள். நான் எழுதினேன். உடனே மறுபடி கவ்விக்கொண்டு பார்த்து, இந்த முறை பின்னாலிருந்து படித்தாள். "நாலு, மூணு, ஆறு, பூஜ்யம், ரெண்டு. சரியா இருக்கா?"

சரியாக இருந்தது. அக்கா படித்து எந்த எண்ணும் தப்பியதில்லை.

"சார், நீங்களும் ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கும்மா. ஓடினது ஓடினதுதான்" என்றார் லேப் சார். சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். ஒரு எண் கண்முன் இருக்கும்போது அவரால் பார்க்காமல் இருக்க முடியாது. கையெழுத்துப் போட்டார். கடைசி மாத கரண்ட் பில்லுக்கான பணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்படியே நீட்டினார். முன்பே எண்ணி மடித்து வைத்திருந்தார்.

வெளியே நின்ற சின்ன வேனில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு பெட்டி, கயிறு போட்ட புத்தகக் கட்டுகள். ஒன்பது வருடக் குடித்தனம் அவ்வளவுதான். உடையக்கூடிய சாமான்களை ஒரு வாளியில் போட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டார். தங்கை மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. கரண்ட் பில் கட்டி மாளாமல்தான் போகிறார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

வேன் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து அடுத்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு ஸ்கேன் சென்டரில் முன்மேசை வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது டோக்கன் கூப்பிடுவாள். அதே குரலில்தான் மீட்டரும் படிப்பாள், பஸ் நம்பரும் படிப்பாள்: ஒவ்வோர் எண்ணாக, நடுவில் மூச்சு விட்டு, காது மந்தமானவருக்கும் விளங்கும்படி. கைப்பையில் எப்போதும் டார்ச், ஒரு கொத்து ரப்பர் பேண்ட், அப்பாவின் இறப்புச் சான்றிதழில் பன்னிரண்டு நகல். நின்றுகொண்டே சாப்பிடுவாள். போன் வந்தால் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணில் படும் விளக்கை, இது எதற்கு வீணாக என்று அணைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். "ஆபீஸ்ல எட்டு மணி நேரம் நாற்காலிதானே, அது போதாதா" என்பது அவள் விளக்கம். அத்தான் சொல்வது வேறு. "உங்க அக்கா ஆற அமர உக்காந்து நான் பாத்தது கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான். அன்னைக்கும் சாப்பாடு பத்தலையோன்னு நடுவுல எழுந்து போயிட்டா."

ஆறு வருடம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகத் திரிந்தவள் நான். அவளோடு ஒரே காலையில் இரண்டு அலுவலகம் ஏறி இறங்கினால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

அப்பா போய் அப்போது நான்கு மாதம். அவர் விட்டுப்போனது மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள அந்த வாடகை வீடு. அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பேருக்கும் அதில் பங்கு. வெளியூரில் இருக்கும் அண்ணன் வாங்குவதற்கு ஆள் பார்த்து, மாதக் கடைசியில் கிரயம் என்று நாளும் குறித்துவிட்டான். அதற்குள் கரண்டுக்கும் தண்ணீருக்கும் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கியாக வேண்டும். அலைச்சல் அக்காவுக்கு. நான் கூடப் போகும் கையெழுத்து.

அலுவலகங்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் காத்திருப்பதுதான் அக்காவால் தாங்க முடியாதது. மூன்றாவது நிமிடம் எழுந்துவிடுவாள். "இப்படி முணுமுணுன்னு கூப்பிட்டா பெரியவங்களுக்கு எப்படிப்பா கேக்கும்" என்று கவுண்டரில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஒருமுறை அவளே இரண்டு பேரைக் கூப்பிட்டு அனுப்பியும் வைத்தாள்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?" என்று மின் அலுவலகத்து எழுத்தர் கேட்டார்.

"அப்பா பேர்ல."

"அவரையே வரச் சொல்லுங்க."

"அப்பா இப்ப இல்ல சார்."

"எப்ப வருவார்?"

அக்கா ஒரு நகலை உருவி மேசைமேல் வைத்தாள். "வரமாட்டார்."

தண்ணீர் அலுவலகம் இதைவிட மோசம். அப்பாவுக்கு வீட்டை விற்றவர் பெயரிலேயே இணைப்பு இருந்தது. அவரும் போய்ச் சேர்ந்து இருபது வருடம். "செத்தவர் பேர்ல வந்த பில்ல அப்பா இருபது வருஷம் ஒழுங்கா கட்டியிருக்கார், ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. இப்ப உயிரோட ஒருத்தி பேருக்கு மாத்தணும்னா மட்டும் ஆதாரம் கேக்கறாங்க" என்று படி இறங்கும்போது சொன்னாள்.

வாடகை வீட்டில் கரண்ட் மீட்டர் இரண்டு. இரண்டுக்கும் பில் அப்பா பெயரில் வரும். அவரே போய்க் கட்டிவிட்டு, இடது மீட்டரின் சீட்டைக் கீழ்வீட்டுக்கும் வலது மீட்டரின் சீட்டை மாடிக்கும் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். மீட்டருக்கு அடியில் பலகையில் 'கீழ்', 'மேல்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததும் அவர் கைதான். கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம். மூன்று கரண்ட் மிஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, பகலெல்லாம் விளக்கு. மாடியில் லேப் சார் ஒண்டிக்கட்டை. ஆனால் மாடிக்குத்தான் பில் கீழ்வீட்டைப்போல ஐந்து மடங்கு வந்தது.

அப்பா இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "குடும்பஸ்தன் பாத்துப் பாத்து எரிப்பான். தனியா இருக்கறவனுக்குக் கேக்க ஆள் இல்ல." லேப் சார் முதலில் ஃபிரிட்ஜை விற்றார். பில் இறங்கவில்லை. டிவியை யாருக்கோ கொடுத்தார். பில் அசையவில்லை. கடைசியில் தன் கைக்காசைக் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொன்னார். மின் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, கருவியை மாட்டிப் பார்த்து, மீட்டர் சரியாக ஓடுகிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அளவுக் கருவி சரி என்றால் அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. அதற்கப்புறம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா படுக்கையில் இருந்த கடைசி இரண்டு வருடம் அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மாடி ஏறியவள் அக்கா. "சார், ஒத்த ஆளு, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று மாதாமாதம் சொல்லிவிட்டு வருவாள். ஒருமுறை பேச்சோடு பேச்சாக, அவர் மேசைக்கு மேலே எரிந்த ஒற்றை விளக்கை அணைத்தும்விட்டாள். அவர் மறுபடி போடவில்லை. அரை இருட்டில் நின்று, பணம் எடுத்துக் கொடுத்தாராம்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னது அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான்.

மாடி இணைப்பின் கணக்கை முடிக்க மின் அலுவலகத்து ஆள் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. முந்தின நாள் நாமே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு போய் டார்ச்சைக் கவ்விக்கொண்டாள்.

"ரெண்டு, பூஜ்யம், ஆறு, அஞ்சு, மூணு."

நான் ஃபைலைப் பார்த்தேன். "மூணு, நாலுக்கா."

"அஞ்சு, மூணுடி."

"வெள்ளிக்கிழமை மூணு, நாலு. நீதான் படிச்ச. சாரும் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

பின்னாலிருந்து படித்தாள். எண் மாறவில்லை. "பத்தொம்பது யூனிட்" என்றாள். "மூணு நாளா பூட்டிக் கிடக்கற வீட்டுல யாருடி எரிக்கறா?"

இரண்டிரண்டு படியாக ஏறிப்போனாள். மாடி வெறிச்சோடிக் கிடந்தது. எல்லா சுவிட்சும் அணைந்திருந்தன. மெயினைக்கூட லேப் சார் இறக்கிவிட்டுத்தான் போயிருந்தார். திரும்ப ஓடிவந்து பலகைக்கு முன்னால் நின்றாள். வலது மீட்டரில், யூனிட் ஓடும்போது சிமிட்டும் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுக் கதவுக்குப் பின்னால் தையல் மிஷின் கடகடத்தது. மிஷின் வேகம் பிடித்தால் புள்ளியும் பரபரத்தது. மிஷின் நின்று மூச்சு வாங்கினால் அதுவும் நிதானப்பட்டது.

அக்கா கதவைத் தட்டினாள். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் எல்லாத்தையும் நிறுத்துங்க. மிஷின், லைட்டு, ஃபேன், எல்லாம்."

"அவசரத் துணிக்கா. சாயங்காலம் குடுக்கணும்."

"ஒரே நிமிஷம்."

வீடு அடங்கியது. சிவப்புப் புள்ளியும் அடங்கியது.

"இப்ப ஓட்டுங்க."

சிமிட்டியது.

"நிறுத்துங்க. ம், ஓட்டுங்க. நிறுத்துங்க."

"என்னக்கா, விளையாடறீங்களா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

இவ்வளவு நேரமும் 'கீழ்' என்று எழுதிய இடது மீட்டர் அசையவே இல்லை. மூன்று நாளாக அது எந்த எண்ணில் நின்றதோ அதிலேயே நின்றுகொண்டிருந்தது. மாடி காலியானதும் ஓய்ந்தது அதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பழைய பலகை எரிந்து புதுப் பலகை மாட்டியபோது இரண்டு வீடும் காலியாக இருந்திருக்கின்றன. மாட்டியவர் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு குடித்தனமும் வந்து சேர்ந்ததால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து மூன்று தையல் மிஷின்களுக்கும் லேப் சார் பணம் கட்டிக்கொண்டிருந்தார். சோதிக்க வந்தவர்கள் மீட்டரைச் சோதித்தார்கள். அது சரியாகத்தான் ஓடியது. யாருக்காக ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எங்களுக்குக் கம்மியாத்தான் வரும். கம்மியா வர்ற பில்ல யாராவது போய் ஏன்னு கேப்பாங்களாக்கா?"

"கேக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

"நீங்க நீட்டின சீட்டுக்குத்தானே கட்டினோம்."

"ஆமா."

"அந்த சார் பாவம்க்கா. மத்தியானத்துல இந்தப் படியிலதான் வந்து உக்காந்திருப்பாரு. மேல வெக்கையா இருக்குன்னுவாரு. ஃபேன் போட்டுக்க வேண்டியதுதானேன்னு நான்கூட சிரிச்சிருக்கேன்."

அக்கா அன்று ஸ்கேன் சென்டருக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

சாயங்காலம், அப்பா பில் குத்தி வைத்திருந்த கம்பிகளிலிருந்து நூற்றெட்டு மாதச் சீட்டுகளை உருவி, சாப்பாட்டு மேசைமேல் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே கூட்டினாள். சுற்றுக்கு நடுவில் நின்று ஒரு தடவை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அத்தான் தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். லேப் சார் கூடுதலாகக் கட்டியது ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கும் பணம். அதைப் பைசா மிச்சமில்லாமல் ஒரு தாளில் எழுதிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தையல்காரங்ககிட்ட வாங்கிக் குடுத்துடுக்கா" என்றான் அண்ணன்.

"அவங்க நாம நீட்டின சீட்டுக்குக் கட்டினாங்க."

"அப்ப ஒயர் மாட்டினவன் தப்பு. நமக்கென்ன வந்தது?"

"பலகை யாரு வீட்டுப் பலகைடா?"

"அந்த மனுஷன் கேக்கவே இல்லையேக்கா. கையெழுத்துப் போட்டுட்டுத்தானே போனாரு."

"கேட்டாருடா. காசு கட்டிக் கேட்டாரு. நாமதான் மீட்டர் சரியா இருக்குன்னு சீட்டைக் காட்டி வாயை அடைச்சோம்."

அண்ணன் குரலை இறக்கி, "அப்பா போனப்புறம் அவர் தலையில ஒரு தப்பை எழுதி வைக்கணுமா?" என்றான்.

"அப்பா தலையில எதுக்கு எழுதணும். கடைசி ரெண்டு வருஷம் கொண்டுபோய் நீட்டினவ நான். என் தலையில எழுது."

முடிவாக அண்ணன் ஒன்று சொன்னான். வாடகைப் பணம் சேர, மூன்று பேர் பெயரிலும் வங்கியில் இருக்கும் பொதுக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மூன்றில் இரண்டு கையெழுத்து போதும், அவன் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஆள் எங்கே என்றே தெரியாது. மாதக் கடைசிக்குள் கண்டுபிடித்தால் கொடுக்கட்டும். இல்லையென்றால் கணக்கை மூடி மூன்றாகப் பிரித்துவிட வேண்டியதுதான். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. யோசிக்காமல் போட்டேன் என்று சொன்னால் பொய். என் பங்கில் அடுத்த பயணத்தின் பாதித் தூரம் அந்தப் பணத்தில்தான் இருந்தது.

மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. லேப் சாரின் பழைய பள்ளிக்கூடத்தில் முகவரி கேட்டால், அவர்கள் காட்டியது எங்கள் வாடகை வீட்டு முகவரியைத்தான். அவர் போன் அணைந்தே கிடந்தது. அக்கா வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் வேன்கள் நிற்கும் இடத்தில் இறங்கி, ஒவ்வொரு டிரைவராகக் கேட்டாள். எட்டாவது நாள் ஒருவர், "மடியில வாளி வெச்சிக்கிட்டு வந்தாரே, அவரா? வழி முழுக்க ஒரு வார்த்த பேசலம்மா" என்றார். ஊரும் தெருவும் சொன்னார்.

நாலு மணி நேரப் பயணம். பஸ்ஸில் அக்கா மூன்று முறை இடம் மாறினாள். தங்கை மகனின் மனைவி கதவை முழுதாகத் திறக்காமல் நின்றாள்.

"மாமா வெளிய போயிருக்காரு. காலையில போனா எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. நடந்துக்கிட்டே இருப்பாரு."

"காத்திருக்கோம்மா."

"இல்லக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களத் தெருமுனையிலயே பாத்திருப்பாரு. பாக்கி ஏதோ கேக்க வந்திருக்கீங்கன்னு அப்படியே திரும்பியிருப்பாரு. வந்த நாள்லயிருந்து இங்கயும் ஒரு லைட்டு போட விடமாட்டேங்கறாரு."

அக்கா அந்தக் கதவுக்கு வெளியே, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை நின்றாள். லேப் சார் வரவில்லை. உறையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு செக், இரண்டு மீட்டரும் குறுக்கே மாறிய ஒயர்களுமாக அவளே ஸ்கேல் வைத்து வரைந்த படம், நாலு வரிக் கடிதம். 'தவறு எங்கள் பலகையில் இருந்தது. நீங்கள் எதையும் வீணாக்கவில்லை' என்பது கடைசி வரி.

கிரயம் குறித்த நாளில் முடிந்தது. வீடு கைமாறியது, மீட்டர்களின் ஒயரை ஒழுங்காக மாற்றியும் ஆயிற்று. வந்ததைப் பிரித்துக்கொண்டோம். ஆனால் செக் பணமாகவில்லை. அந்தத் தொகை மட்டும் பொதுக் கணக்கில் நின்றதால் கணக்கை மூட முடியவில்லை. அக்கா சனிக்கிழமைதோறும் வங்கியில் பாஸ்புக்கை அச்சடித்துக்கொண்டு வருவாள். அண்ணன் சனிக்கிழமைதோறும் கூப்பிடுவான்.

"போட்டாராக்கா?"

"இன்னும் இல்ல."

மூன்று மாதம் ஆனால் செக் செல்லாது. அக்கா புதிதாக ஒன்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கு அழகான கையெழுத்து திரும்பி வந்தது, வேறொன்றும் வரவில்லை. இன்னொரு மூன்று மாதம், இன்னொரு செக்.

"வேண்டாம்னுதானேக்கா அர்த்தம். விட்டுடேன்."

"வேண்டாம்னு அவர் வாயால சொல்லட்டும்."

அக்கா இளைத்துப்போனாள். சென்டரில் இரண்டு தடவை ஒரே டோக்கனை மறுபடி கூப்பிட்டாள் என்று அத்தான் சொன்னார். மற்றவர் வீட்டு சுவிட்சுகளில் இப்போது அவள் கை வைப்பதில்லை என்பதை நானே கவனித்தேன்.

லேப் சார் காலி செய்து எட்டு மாதம் கழிந்து ஒரு புதன்கிழமை, அக்கா வீட்டுச் சாவி வாங்குவதற்காக ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். இடையில் நான் இரண்டு கடல் தாண்டிப் போய்வந்திருந்தேன். அக்கா எழுபத்து மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு எழுபத்து நான்குக்கு வாயைத் திறந்த நேரத்தில் அவள் போனில் ஒரு செய்தி வந்தது. படித்தாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'அம்மா, லேப் சார். படம் பார்த்தேன். பல முறை பார்த்தேன். சரியாக இருக்கிறது. செக்கை நாளை போடுகிறேன். எவ்வளவு கூடுதலாகக் கட்டினேன் என்று பைசா வரைக்கும் எழுதியிருக்கிறாய். மாதம் நான் உண்மையில் எவ்வளவு எரித்தேன் என்று எழுதவில்லை. அது தெரிந்தால் போதும்.'

அக்கா வரிசையைப் பார்த்து, ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினாள். ஒரு வெற்றுத்தாளை எடுத்து, இடது மீட்டர் கடைசியாக நின்ற எண்ணை நினைவிலிருந்து எழுதி, நூற்றெட்டு மாதத்தால் வகுத்தாள். திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்தாள். போனில் '36 யூனிட்' என்று அடித்தாள். அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, செக் எழுதும்போது செய்வதுபோல, அந்த எண்ணுக்குக் கீழே எழுத்தாலும் எழுதினாள்: 'முப்பத்தாறு மட்டும்.'